கடல் தாண்டும் முன் கணக்குப் போடுங்கள்

(தொழிலாளர் குடும்பங்களுக்கான ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு தாயார் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். மகனுக்கு 24 வயது. தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. அவன் கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்திருந்தது. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் ஹோட்டல் வேலை, வாரச் சம்பளம் 948 டாலர், தங்கும் இடம் உண்டு, ஏஜெண்டு கட்டணம் 12,000 வெள்ளி, உடனே முன்பணம் கட்ட வேண்டும். இதுதான் செய்தி. அந்த அம்மா காதில் கிடந்த தோட்டைத் தொட்டபடியே, "இதை அடகு வைக்கலாம் என்று இருக்கிறேன் ஐயா. போகச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நம் பாட்டன் பூட்டன் கடல் தாண்டி வந்ததால்தான் நாம் இன்று இந்த மண்ணில் நிற்கிறோம். ஆனால் அவர்கள் கணக்குத் தெரியாமல் வந்தார்கள். கப்பல் செலவும் கங்காணி கொடுத்த முன்பணமும் தலையில் கடனாக ஏறியது தோட்டத்துக்கு வந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. நாம் படித்தவர்கள். நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டு போகட்டும். அதற்காகத்தான் இந்தத் தீவைப் பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

முதலில் தீவு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ஜாவாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தூரத்தில், இந்தியப் பெருங்கடலில் தனியாகக் கிடக்கிறது. பரப்பளவு 135 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கும் மேல் தேசியப் பூங்கா. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 1,692 பேர். நம்முடைய ஒரு பெரிய தாமானில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். சீனர்கள், மலாய்க்காரர்கள், வெள்ளையர்கள் என்று கலந்து வாழும் ஊர். சிங்கப்பூரிலிருந்து அந்தத் தீவு சுமார் 1,300 கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்தோ சுமார் 2,600 கிலோமீட்டர். இந்த இரண்டு தூரங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விலைவாசியைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

இந்தத் தீவு நமக்கு அந்நியமானது என்று நினைக்க வேண்டாம். உரம் போடும் வேலைக்குப் போன அம்மாக்கள் இங்கே இருக்கிறீர்கள். சாக்கிலிருந்து வாளியில் அள்ளி, ரப்பர் மரத்துக்கும் செம்பனை மரத்துக்கும் நீங்கள் தூவிய பாஸ்பேட் தூள் இருக்கிறதே, அதில் ஒரு பெரும் பகுதி கிறிஸ்துமஸ் தீவில் வெட்டியெடுக்கப்பட்ட கல்தான். அங்கே ஒருவர் தோண்டினார், இங்கே ஒருவர் தூவினார். இரண்டு பேரும் கூலிக்காரர்கள்.

அங்கே தோண்டியவர்களின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். 1888இல் பிரிட்டன் அந்தத் தீவைத் தன்னுடையது என்று அறிவித்தது. 1897இல் பாஸ்பேட் கம்பெனி தொடங்கியது. 1900இல் தீவைச் சிங்கப்பூர் நிர்வாகத்தோடு சேர்த்தார்கள். சீனாவிலிருந்தும் பிறகு சிங்கப்பூர், மலாயாவிலிருந்தும் ஆட்களைக் கொண்டு போனார்கள். காவலுக்குச் சீக்கியப் போலீசார் போனார்கள். தொடக்க ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கூலியாட்கள் பெரிபெரி நோயில் செத்தார்கள். அது தொற்று நோய் அல்ல. தீட்டிய வெள்ளை அரிசியையே சாப்பிட்டு, காய்கறியும் பருப்பும் போதுமான அளவு கிடைக்காதவனுக்கு வருகிற சத்துக்குறைவு நோய். தூரத் தீவில் தட்டில் என்ன விழுகிறது என்பது அன்றைக்கே உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

1958இல் தீவு ஆஸ்திரேலியாவுக்குக் கைமாறியது. பாஸ்பேட் வருமானம் போவதற்காகச் சிங்கப்பூருக்கு 29 லட்சம் பவுன் இழப்பீடு கொடுத்தார்கள். தோண்டிக்கொண்டிருந்தவர்களின் நிலையோ மாறவில்லை. ஆசியத் தொழிலாளிக்கு ஒரு சம்பள அளவு, வெள்ளையருக்கு வேறு சம்பள அளவு. வீடுகளும் தனித்தனிப் பகுதிகளில். வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடு போகும், தீவில் இருக்கும் உரிமையும் போகும். சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ திரும்ப வேண்டியதுதான். லயத்து வீட்டில் பிறந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இது எப்படி மாறியது? 1975இல் அங்கே தொழிற்சங்கம் அமைத்தார்கள். 1979இல் கார்டன் பென்னெட் என்பவர் அதன் செயலாளர் பொறுப்புக்கு வந்தார். சீனத் தொழிலாளர்கள் அவரைத் 'தாய் கோ செங்' என்று அண்ணன் முறை வைத்து அழைத்தார்கள். சங்கம் போராடியது, ஆஸ்திரேலியப் பெருநிலத்துத் தொழிலாளிக்கு இணையான சம்பளத்தைக் கேட்டு வாங்கியது. 1981இல் ஆஸ்திரேலியக் குடிநுழைவுச் சட்டம் தீவுக்கும் வந்தது. நிரந்தரமாகத் தங்கவும் குடியுரிமை பெறவும் வழி திறந்தது. சீனரும் மலாய்க்காரரும் ஒரே சங்கத்தில் நின்றதால் கிடைத்த பலன் அது. ஆகவே, இன்று உங்கள் மகன் கைத்தொலைபேசியில் பார்க்கிற அந்த 948 டாலர், தீவு தானாகக் கொடுக்கிற தர்மம் அல்ல. நம்மைப் போன்றவர்கள் போராடி வாங்கியது.

இனி விலைவாசிக்கு வருவோம்.

தீவு சிங்கப்பூருக்குப் பக்கம் என்றேன். ஆனால் சாப்பாட்டுப் பொருள் பெரும்பாலும் பெர்த் பக்கத்திலிருந்து, ஃப்ரீமேண்டில் துறைமுகத்திலிருந்து கப்பலில் வருகிறது. கப்பல் தினமும் வருவதில்லை. வாரக்கணக்கில் இடைவெளி விடும். தீவில் பாதுகாப்பான துறைமுகம் கிடையாது. திறந்த கடலைப் பார்த்த ஒரு சிறு குடாவில்தான் சரக்கு இறக்க வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை அலை பெரிதாக எழும் காலம். அப்போது கப்பல் வந்து நின்றாலும் இறக்க முடியாமல் நாள்கணக்கில் காத்திருக்கும். கடையில் அலமாரி காலியாகும். பச்சைக் காய்கறி, பழம், பால் போன்றவை விமானத்தில் வந்தால், விமானக் கூலியும் விலையில் ஏறும்.

வீட்டுக்குப் பின்னால் கத்தரி, வெண்டை போட்டுக்கொள்ளலாமே என்று நீங்கள் நினைக்கலாம். மண் எல்லா இடத்திலும் ஆழமில்லை. அதோடு அந்தத் தீவில் கோடிக்கணக்கான செந்நண்டுகள் இருக்கின்றன. இளங்கன்றைத் தின்றுவிடும். வேலி கட்டினால்தான் கீரையாவது மிஞ்சும்.

நம் மளிகை கிடைக்குமா என்று ஒரு பிள்ளை கேட்டான். சீனர், மலாய்க்காரர் வாழும் ஊர் என்பதால் அரிசிக்கும் மிளகாய்க்கும் முழுப் பஞ்சம் இருக்காது. ஆனால் சில கடைகள்தான். பக்கத்து ஊர்க் கடையில் மலிவாக வாங்கலாம் என்றால், பக்கத்து ஊரே கிடையாது. தோட்டத்துக் கடையில் கடன் புத்தகம் வைத்து வாங்கியவர்களுக்கு இது புரியும். வேறு கடைக்குப் போக வழியில்லாதவன் கடைக்காரன் சொல்லும் விலையைத்தான் கொடுக்க வேண்டும். சரக்கு சேவை வரி அங்கே இல்லை என்று ஏஜெண்டு பெருமையாகச் சொல்வான். உண்மைதான். ஆனால் வரி இல்லாத வெங்காயமும் கப்பல் கூலி கொடுத்துத்தான் கரையேறுகிறது.

அடுத்தது வீடு. வீடுகள் குறைவு. வெளியிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தால் வாடகை ஏறும். 2008இல் அங்கே குடிநுழைவுத் தடுப்பு முகாம் திறக்கப்பட்டது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் காவலர்களும் அதிகாரிகளும் ஒப்பந்த ஊழியர்களும் வந்து இறங்கியபோது வாடகை ஏறியதை உள்ளூர்வாசிகள் அனுபவித்தார்கள். பிறகு முகாம் வேலை சுருங்கியது, ஆட்களும் குறைந்தார்கள். 2011இல் 2,072 ஆக இருந்த மக்கள்தொகைதான் 2021இல் 1,692க்கு இறங்கியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தீவின் வேலைகள் எப்போதும் ஒன்றிரண்டு தொழில்களை நம்பியே இருந்திருக்கின்றன. 1987இல் பாஸ்பேட் சுரங்கத்தை மூடினார்கள். பலர் ஊரை விட்டுப் போனார்கள். 1990இல் பழைய தொழிலாளர்களும் சங்கமும் தங்கள் சொந்தப் பணத்தைப் பங்காகப் போட்டு அதை மறுபடியும் தொடக்க வேண்டியிருந்தது. 1993இல் ஒரு பெரிய சூதாட்ட விடுதி திறந்தது, 1998இல் மூடியது. வேலை செய்தவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். நம் ஊரில் ஒரு தொழிற்சாலை மூடினால் அடுத்த தொழிற்பேட்டைக்கு மோட்டார் சைக்கிளில் போகலாம். தீவில் வேலை போனால் விமான நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

இப்போது தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜூலை முதல் மணிக்கு 24 டாலர் 95 சென் என்று நிர்ணயிக்கப்பட்டது. வாரத்துக்கு 38 மணி நேர வேலை, 948 டாலர். அதாவது ஏஜெண்டு ஆசை காட்டிய தொகை, சட்டப்படி கடைசித் தொழிலாளிக்கும் கொடுத்தே ஆக வேண்டிய தொகை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

செலவுக்கு நான் போடும் எண்கள் ஓர் உதாரணம்தான். நீங்கள் உண்மையான எண்ணைக் கேட்டு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு அறை வாடகை 250 டாலர் பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். சாப்பாடு 180. மருத்துவக் காப்புறுதி 30. தொலைபேசி 25. வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்துபோக வாரம் 50 ஒதுக்க வேண்டும். மொத்தம் 535.

அடுத்து வருமான வரி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வரிக் கணக்கில் நீங்கள் ஆஸ்திரேலியாவில் வசிப்பவர் என்று ஏற்கப்பட்டால், ஆண்டில் முதல் 18,200 டாலருக்கு வரி இல்லை. இந்தச் சம்பளத்துக்கு வாரம் ஏறக்குறைய 105 டாலர் வரி வரும். வெளிநாட்டவர் என்று வைத்தால் முதல் டாலரிலிருந்தே 30 விழுக்காடு. வாரம் 284 டாலர்.

முதல் ஆளுக்கு மிஞ்சுவது 308 டாலர். இரண்டாவது ஆளுக்கு மிஞ்சுவது 129 டாலர். ஒரு டாலருக்கு 2 வெள்ளி 70 சென் என்று வைத்தால், முதல் ஆள் மாதத்துக்குச் சுமார் 3,600 வெள்ளி வீட்டுக்கு அனுப்பலாம். இரண்டாவது ஆள் சுமார் 1,500 வெள்ளிதான் அனுப்ப முடியும். இருவருக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம். மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆனது. அது போதாது என்று நாம்தான் சொல்கிறோம். ஆனால் அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு, சொந்த ஊரில் இருந்து அதை வாங்குகிறோம். இரண்டாவது ஆள், கடல் தாண்டிப் போய் அதைவிடக் குறைவாக மிச்சம் பிடிக்கிறான். அதிலிருந்து ஏஜெண்டின் 12,000 வெள்ளியை அடைக்கவே எட்டு மாதம் ஆகும். வட்டி வேறு.

ஆகவே பிள்ளைகளே, சம்பளம் எவ்வளவு என்பது முதல் கேள்வி மட்டுமே. கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதும், கையில் எந்தக் காகிதம் இருக்கும் என்பதும்தான் உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும்.

காகிதம் என்றேன். தீவு தூரத்தில் இருந்தாலும் அங்கே ஆஸ்திரேலிய விசாதான். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்தால், முதலாளி சம்பளத்தை நிறுத்தினாலும் வாய் திறக்கப் பயப்படுவீர்கள். அந்தப் பயத்தை வைத்துத்தான் மோசக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

காகிதம் இல்லாதவர்களுக்கு அந்தத் தீவு என்னவாக இருந்தது என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பிலோயிலா என்ற ஊரில் வாழ்ந்த ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்தை, தாய், தந்தை, ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகள் உட்பட, 2019 ஆகஸ்டில் கிறிஸ்துமஸ் தீவுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். 2021 ஜூனில் சின்னக் குழந்தைக்கு நோய் கடுமையாகி, பெர்த் மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டு போன பிறகுதான் தீவுவாசம் முடிந்தது. ஊர்மக்கள் விடாமல் போராடினார்கள். 2022 ஜூனில் குடும்பம் பிலோயிலாவுக்குத் திரும்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. ஒரே தீவுதான். விசா உள்ளவன் அங்கே சம்பளம் வாங்கினான். விசா இல்லாத நம் குழந்தைகள் அங்கே கம்பிவேலிக்குள் வளர்ந்தார்கள்.

அந்தக் குழந்தையின் கதை இன்னொன்றையும் சொல்கிறது. தீவில் சிறிய மருத்துவமனை உண்டு. பெரிய நோய்க்கு பெர்த்துக்குத்தான் போக வேண்டும். பிரசவத்துக்குக்கூட வாரக்கணக்கில் முன்னதாகவே பெர்த்துக்குப் போய்த் தங்க வேண்டும். பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் ஆஸ்திரேலியா சில நாடுகளோடு வைத்திருக்கிறது. மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை. காப்புறுதி இல்லாமல் மனைவி பிள்ளைகளை அழைத்துப் போவது, சேமித்ததையெல்லாம் ஒரே இரவில் இழக்கத் துணிவதற்குச் சமம்.

போக நினைப்பவர்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, முதலாளியின் பெயரையும் முகவரியையும் கேளுங்கள். ஏஜெண்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று நம் தொழிலாளர் இலாகாவில் விசாரியுங்கள்.

இரண்டு, விசாவுக்கு ஸ்பான்சர் செய்வதற்குப் பதிலாகப் பணம் வாங்குவது 2015 டிசம்பர் முதல் ஆஸ்திரேலியாவில் குற்றம். ஸ்பான்சருக்கு விலை பேசுகிறவனிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

மூன்று, 'தங்கும் இடம் உண்டு' என்றால் இலவசம் என்று பொருள் அல்ல. வாடகை எவ்வளவு, ஓர் அறையில் எத்தனை பேர், சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமல் சம்பளத்தில் தன்னிஷ்டத்துக்குக் கை வைக்க முதலாளிக்கு உரிமை இல்லை.

நான்கு, நம் ஊழியர் சேமநிதி மாதிரி அங்கே 'சூப்பர்' என்று ஒன்று உண்டு. 2025 ஜூலை முதல் முதலாளி 12 விழுக்காடு கட்ட வேண்டும். தற்காலிக விசாவில் போனவர், நாட்டை விட்டு வந்த பிறகு அதைக் கேட்டு வாங்கலாம். பெரும்பாலும் 35 விழுக்காடு வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அது உங்கள் பணம்.

ஐந்து, திரும்பி வருவதற்கான டிக்கெட் பணத்தைத் தனியாக வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வர வழி உள்ளவனைத்தான் முதலாளி மதிப்பான்.

ஆறு, போன முதல் வாரத்திலேயே தொழிற்சங்கத்தை விசாரியுங்கள். குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள் முழுச் சம்பளம் வாங்கியது அதனால்தான் என்பதை மறக்காதீர்கள்.

அந்தத் தாயார் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டினேன். மகன் அங்கேயே உட்கார்ந்து, அந்த ஏஜெண்டுக்கு மூன்று கேள்வி எழுதி அனுப்பினான். முதலாளி யார்? எந்த விசா? அறைக்கு எவ்வளவு? முன்பணம் கட்டினால்தான் சொல்வேன் என்று பதில் வந்தது. அடுத்த நாளிலிருந்து பதிலே இல்லை. தோடு அடகுக் கடைக்குப் போகவில்லை. பையனுக்கு வெளிநாடு போகும் ஆசை இன்னும் இருக்கிறது. இப்போது மாலையில் மின்சாரத் தொழில் படிப்புக்குப் போகிறான். கைத்தொழில் சான்றிதழோடு நேர் வழியில் விண்ணப்பிக்கப் போகிறேன் என்கிறான். போகட்டும், நல்லா இருக்கட்டும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு செய்தி வந்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் எங்களிடம் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து ஒன்றாகக் கணக்குப் போடுவோம். அரை மணி நேரம்தான் ஆகும்.